பித்தும் காவலும்: திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து ஒரு நோக்கு

சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஒரு வழக்கு விசாரணை இடம்பெறுகின்றது. மணப்பந்தலில் இருந்த இளைஞரைத் தன் அடிமை என உரிமை கோரி முதிய அந்தணர் ஒருவர் வருகின்றார். இளைஞர் அவரைப் பித்தன் என இகழ்கின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. முதியவர் மூல ஓலையைக் காட்ட, அவையினர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். பித்தன் எனப்பட்டவரே வெல்கின்றார். இகழ்ந்த அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடும்படி இறைவன் பணிக்க, சுந்தரரின் முதற் பதிகம் பிறக்கின்றது. பக்தியிலக்கிய ஆய்வாளர் இதனை ஆண்டான் அடிமை உறவின் அன்பு வடிவமாகக் காண்பர். அக்கருத்து ஈண்டு விவாதத்துக்குரியதன்று. பித்தன் எனப்பட்ட ஒருவர் வழக்கில் வென்ற, தமிழிலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற சந்தர்ப்பம் இது; அவர் வென்றது கையில் ஆவணம் இருந்தமையால், அதுவும் ஆளுடைமை ஆவணம் இருந்தமையால், என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அப்பித்தனுக்குத் திருகோணமலையிலும் ஒரு கோயில் உண்டு. சம்பந்தர் பாடிய கோணேசுவரம் சுவாமிமலையின் உச்சியில், பிரடரிக் கோட்டையின் உள்ளே அமைந்துள்ளது. பதினேழாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியிற் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். சுதந்திரத்தின் பின்னும் அது படையினரின் கோட்டையாகவே நீடித்தது. எனவே பித்தனைத் தரிசிக்கச் செல்பவர் ஆயுதந் தாங்கியோரைத் தாண்டியே செல்ல நேர்ந்தது. புனிதமாக்கப்பட்ட பித்து மலையுச்சியிற் பூசை பெற, அடிவாரத்து வீதியில் உண்மையான பித்து என்ன பாடுபட்டது என்பதை நமது இலக்கியமும் திறனாய்வும் எவ்வாறு நோக்கின, அல்லது நோக்கத் தவறின, என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் பெயரை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். ஒருவரது மனநிலை சில வாரங்கள் அல்லது மாதங்கள் கட்டுமீறி எழுவதும், பின்னர் ஆழ்ந்த சோர்வில் வீழ்வதும், இடையில் வழமைக்குத் திரும்புவதுமான நோயை மருத்துவர் இருமுனை மனநோய் என்பர். செருமானிய மருத்துவர் கிரேப்பெலின் 1899இல் எழுச்சியையும் சோர்வையும் ஒரே நோயின் இரு நிலைகளாக வகுத்தார். 1980இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கத்தின் மூன்றாவது கையேட்டின் வழியே இன்றைய பெயர் பரவலாயிற்று. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ முதன்முதலில் வெளிப்படுவதால் இது இளைஞரின் நோய். எழுச்சி நிலையில் நித்திரை குறைகின்றது. நித்திரை இல்லாமலே களைப்பும் இல்லாது போகின்றது. பேச்சு பெருகுகின்றது. தன்னைப் பற்றிய எண்ணம் வீங்கி, தான் தலைவன், தான் தெரிவு செய்யப்பட்டவன் என்னும் நிச்சயம் பிறக்கின்றது. காசு கரைகின்றது. தடுப்பவர் மீது கோபம் மூளுகின்றது. நள்ளிரவில் வீட்டை விட்டு நடக்கத் தோன்றுகின்றது.

இனித் திருகோணமலைத் துறைமுகத்தை நோக்குவோம். 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளம். பின்னர் இலங்கைக் கடற்படையின் தளம். சீனன்குடாவில் இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்க் குதங்கள். போர் நடந்த பத்தாண்டுகள் முழுவதும் வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. இத்தகைய நகரில் நள்ளிரவில் தனியே நடப்பவன், மறித்தால் நில்லாதவன், கேட்ட கேள்விக்கு ஒன்பது விடை சொல்பவன், அடையாள அட்டையை வீட்டில் விட்டு வந்தவன், தானே தலைவன் என உரத்துக் கூறுபவன் யார் எனக் காவலரண் கருதியிருக்கும்? மேலே மருத்துவர் குறிகளாகத் தந்த பட்டியலும் காவலரண் சந்தேகங்களாக வைத்திருந்த பட்டியலும் ஏறத்தாழ ஒன்றே. பொலிஸ் நிலையத்துத் தகவற் புத்தகத்தில் ‘இரவு நேரத்திற் சந்தேகத்துக்கிடமாக நடமாடினார், கடமையிலிருந்த உத்தியோகத்தருக்குக் கீழ்ப்படிய மறுத்தார்’ என எழுதப்படக்கூடிய அதே இரவு, வைத்தியசாலைக் குறிப்பில் ‘நித்திரையின்மை, மிகைப்பேச்சு, எரிச்சல்’ என எழுதப்படும். ஒரே நிகழ்ச்சி, இரு எழுத்து வகைகள். எந்த வகையில் முதலில் எழுதப்படுகின்றான் என்பதில் ஓர் இளைஞனின் எஞ்சிய வாழ்வு தங்கியுள்ளது. வசதியுள்ள வீட்டில் நோய் முதன்முதலில் எழும்போது கதவு பூட்டப்படும், வாகனம் பிடிக்கப்படும், தனியார் மருத்துவர் அழைக்கப்படுவார். அவன் இரண்டாம் வகையில் எழுதப்படுவான். ஒற்றை அறை வாடியில் வாழும் மீனவ வீட்டுக்கு நோயாளி நடந்து திரிய வீதியை விட வேறு வெளி இல்லை. வீதியோ காவலர்களுடையது.

நித்திரை பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும், அது வெறும் மருத்துவச் செய்தியன்று. நித்திரைக் குலைவு இந்நோயின் விளைவு மட்டுமன்று, எழுச்சியைத் தூண்டும் காரணமும் ஆகும். துறைமுகப் பகுதியின் உழைப்போ பெரும்பகுதி இரவு உழைப்பு. இரவில் வலை வைக்கும் மீனவர், முறைமாறி வேலை செய்யும் ஆலைத் தொழிலாளர், கப்பல் வரும் நேரத்துக்கேற்ப அழைக்கப்படும் சுமைகூலிகள் ஆகியோரின் நித்திரை அவர்களுடையதன்று, அது விற்கப்பட்டுவிட்டது. 1949இல் அவுஸ்திரேலிய மருத்துவர் கேட் கண்டறிந்த லித்தியம் இந்நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று. ஆனால் உடலில் நீர் வற்றினால் அம்மருந்தின் செறிவு இரத்தத்தில் ஏறி நஞ்சாகக்கூடும். ஒழுங்கான இரத்தப் பரிசோதனையும் வேண்டும். குளிரூட்டிய அறையில் இருப்பவனுக்கு இது சிறு எச்சரிக்கை. நடுப்பகலிற் கரைவலை இழுப்பவனுக்கு அன்றாட வாழ்வோடு மோதும் நிபந்தனை. உழைக்கும் உடலைக் கருத்திற் கொள்ளாத மருத்துவம் அவனை மருந்தை விடச் செய்கின்றது. மருந்தை விட்டவன் மீண்டும் வீதிக்கு வருகின்றான்.

இந்த மனிதன் நமது இலக்கியத்தில் எங்கே?

பித்து என்னும் சொல்லுக்கு இலக்கியத்தில் எப்பொழுதும் மதிப்பு இருந்துவந்துள்ளது. சித்தர் மரபில் அது ஞானத்தின் வேடம். நவீன காலத்தில் சொ. விருத்தாசலம் அதனைத் தன் புனைபெயரின் ஈற்றில் வைத்துப் புதுமைப்பித்தன் ஆனார். மட்டக்களப்பின் கே. எம். ஷா பித்தன் என்ற பெயரிலேயே கதை எழுதினார். எழுத்தாளனுக்குப் பித்து பெருமை தரும் அணி. இச்சொல் கலகக்காரனைச் சுட்டியது, நோயாளியைச் சுட்டவில்லை. நோயாளிக்கு நம்மவர் வைத்திருந்த சொல் விசரன். வடக்கில் மந்திகை என்றும், பொதுவில் அங்கொடை என்றும் ஊர்ப்பெயர்களே வசைகளாயின. 1926இல் அங்கொடையில் மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவில், வேறொரு மொழி பேசும் சூழலில் இருந்த இடம். அங்கு அனுப்பப்பட வேண்டியவன் என்பது ஒருவனை நம் மத்தியிலிருந்து நீக்குவதற்கான வாய்பாடு. பல்கலைக்கழக விடுதி விவாதங்களில் எதிர்க்கருத்துக் கொண்டோர் மீது இவ்வாய்பாட்டை நாம் தாராளமாகப் பாவித்துள்ளோம்; இக்கட்டுரையாசிரியரும் விலக்கல்லர்.

நோயை உள்ளிருந்து எழுதிய படைப்புகள் தமிழில் இல்லையெனக் கூறமுடியாது. எம். வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ தன் செவிக்குள் ஓயாது குரல்களைக் கேட்கும் ஒருவனின் கதை. 1993இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. கோபி கிருஷ்ணனின் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ மனநோய் மருத்துவமனையின் மனிதர்களை அவர்களது சொற்களுக்குச் செவிகொடுத்துப் பதிவு செய்கின்றது. தமிழ் உரைநடையில் இவ்விரண்டும் அருஞ்செயல்கள் என்பதில் ஐயமில்லை. கோபி கிருஷ்ணன் இன்னும் பரவலாக வாசிக்கப்படாதது நமது குறையேயன்றி அவரது குறையன்று. ஆயினும் முதலாவதன் களம் வீடு. குடும்பம் சிதைந்தாலும் கூரை இருக்கின்றது. இரண்டாவதன் களம் மருத்துவமனை; அங்கு வந்து சேர்ந்தவரின் குரலே பதிவாகின்றது. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையில் வீதி கிடக்கின்றது. அவ்வீதியில் நோயாளி சந்திக்கும் முதல் அரச பிரதிநிதி பெரும்பாலும் சீருடை அணிந்தவர். அந்தச் சந்திப்பே தமிழ்ப் புனைகதையில் எழுதப்படாத பக்கமாகக் கிடக்கின்றது. பொலிஸ் கொடுமையை நாம் நிறைய எழுதியிருக்கிறோம். ஆனால் அங்கு அடிபடுபவன் தெளிந்த சிந்தையுள்ளவன், போராளி அல்லது நிரபராதி. தன்னைப் பற்றி நம்பத்தகுந்த சாட்சி சொல்லக்கூடியவனையே வாசகனுக்கு முன் நிறுத்தப் பழகியுள்ளோம்.

இவ்விடத்தில் மாஸ்கோ வெளியீடுகள் வழியே செகாவை அறிந்த நம் தலைமுறைகள் அவரது ‘ஆறாவது வார்டு’ குறுநாவலை (1892) மீளப் படிக்கவேண்டும். நீதிமன்றச் சிற்றூழியனாக இருந்த கிரோமவ் ஓர் இலையுதிர்காலக் காலையில், விலங்கிடப்பட்ட இரு கைதிகளை ஆயுதக் காவலர் அழைத்துச் செல்வதைக் காண்கின்றான். அன்று மாலைமுதல் தானும் கைதாகலாம் என்ற எண்ணம் அவனைப் பற்றுகின்றது. சன்னலருகே ஒரு பொலிஸ்காரன் மெதுவாக நடந்து போனாலே போதும், அவன் நித்திரை போய்விடுகின்றது. அவன் குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆனால் குற்றம் செய்யாதவனும் தண்டிக்கப்படலாம் என்பதை நீதிமன்ற ஊழியன் என்ற முறையில் அவன் அறிவான். நோயின் உள்ளடக்கம் அந்த அறிவிலிருந்தே வருகின்றது. அவனது அச்சம் பிறழ்வு, ஆனால் பொய்யன்று. வார்டின் வாயிலில் நிக்கிட்டா என்னும் ஓய்வுபெற்ற சிப்பாய் இருக்கின்றான். ஒழுங்கை நேசிப்பவன், ஆகவே முட்டியால் அடிப்பவன். இறுதியில் மருத்துவர் ராகினே அவ்வார்டுக்குள் அடைக்கப்பட்டு அதே முட்டியால் அடிபட்டு இறக்கின்றார். இளம் லெனின் இக்கதையைப் படித்த இரவில், தானே அவ்வார்டில் அடைபட்டதுபோல் உணர்ந்து அறையில் இருக்கமுடியாது வெளியேறியதைத் தன் சகோதரியிடம் கூறினார் என்பது அறியப்பட்ட செய்தி. நம்மவர் இச்செய்தியை மேற்கோள் காட்டும்போதெல்லாம் ஆறாவது வார்டு என்பது சாரின் ரஷ்யா என்று மட்டுமே விளக்கி முடித்துவிடுவர். அது ரஷ்யா என்பது உண்மை. அது ஒரு வார்டு என்பதும் உண்மை. குறியீட்டைக் கண்ட மகிழ்ச்சியில் நோயாளிகளை மறந்துவிட்டோம்.

இம்மறதிக்குக் கோட்பாட்டு ஆதாரமும் நம்மிடம் இருந்தது. 1950களின் இறுதியில் வெளிவந்த நூலிலே லூக்காச் நவீனத்துவத்தைக் கண்டிக்கும்போது, அதன் நோயியல் நாட்டத்தைச் சிறப்பாகக் குறிப்பிட்டார். சமூகத்திலிருந்து தப்பியோடும் மனிதனுக்கு நோய் ஒரு புகலிடமாகின்றது; எதிர்ப்பு திசையற்றதாகின்றது என்பது அவரது வாதத்தின் சாரம். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் சூழலிற் கைலாசபதியும் சிவத்தம்பியும் யதார்த்தவாதத்தை நிலைநாட்டியபோது, வகைமாதிரியான மனிதனைப் படைப்பதே நாவலாசிரியனின் பணி என்னும் அளவுகோல் வேரூன்றியது. சாதியாலும் வர்க்கத்தாலும் ஒடுக்கப்பட்டோர் நமது இலக்கியத்தின் நடுவில் வந்து நின்றமைக்கு அந்த அளவுகோலே காரணம்; டானியலையும் கணேசலிங்கனையும் அது இல்லாது எண்ணிப் பார்க்க இயலாது. ஆகவே இங்கு கூறுவது அதனை மறுப்பதற்காகவன்று. நோய்ப்பட்டவன் வகைமாதிரியாக மாட்டான் என்ற துணைமுடிவு எவ்வித ஆய்வுமின்றி நம்முள் நுழைந்தது என்பதே இங்கு கூறப்படுவது. லூக்காச் கண்டித்தது இடமும் காலமும் அற்ற அருவமான பித்தை. சீனன்குடாச் சாவடியில் நிறுத்தப்படும் பித்துக்கு இடமும் காலமும் உண்டு. அதன் இரு பக்கங்களிலும் வர்க்கம் நிற்கின்றது. யதார்த்தவாதத்துக்கு இதைவிட உகந்த பொருள் எது?

ஓர் உண்மை நிகழ்ச்சிக்கு வருவோம். அது திருகோணமலையில் நிகழ்ந்ததன்று. 2009 ஒக்டோபர் 29ஆம் நாள், போர் முடிந்து ஐந்து மாதங்களின் பின், கொழும்பு பம்பலப்பிட்டிக் கடலில் 26 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இறந்தார். அவர் மனநோய்ப்பட்டவர். ஓடும் வாகனங்கள் மீதும் புகையிரதம் மீதும் கல்லெறிந்தார் என்பது முறைப்பாடு. கடலுக்குள் இறங்கிய அவரைத் தடியால் அடித்தனர். அடித்தவருள் பொலிஸ்காரரும் இருந்தார். இளைஞர் நீரில் நின்றபடி இரு கைகளையும் கூப்பிக் கெஞ்சினார். மீண்டும் அடி விழுந்தது. மூழ்கினார். கரையில் மக்கள் கூடி நின்று பார்த்தனர். இவையனைத்தும் தொலைக்காட்சிக் கமெராவிற் பதிவாகி நாடு முழுவதும் காட்டப்பட்டது.

நோயின் மருத்துவப் பெயர் எதுவாயினும் அக்காட்சி நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகின்றது. கைகூப்புதல் தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான சைகை; மொழிபெயர்ப்பு வேண்டாதது. அடித்தவருக்கு அது விளங்கவில்லை எனக் கூறமுடியாது. ஆகவே பொலிசார்க்கு மனநோய் பற்றிய அறிவு போதாது என்னும் விளக்கம், பயிற்சிப் பட்டறைகள் நடத்துவோர்க்கு உவப்பானதாயினும், பாதி விளக்கமே. தம் எதிரில் நிற்பவன் உரிமையுள்ளவனாக எண்ணப்படும் வகையைச் சேர்ந்தவனா என்பதை அடிக்குமுன் அவர்கள் கணித்துவிட்டனர். கரையிலிருந்த கூட்டமும் கணித்தது. வசதியான தோற்றமுடைய ஒருவர் அதே நிலையில் நின்றிருந்தால் கூட்டத்திலிருந்து ஒரு குரலேனும் எழுந்திருக்கும் என நினைக்கிறேன். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’யைப் படித்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்றால் உழைப்பின் களம், கனவின் களம். அதே கடல் ஒரு மனிதன் பின்வாங்க இடமின்றி நிறுத்தப்படும் சுவராகவும் அமையும் என்பதை எந்தக் கதையும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சொல்லப்போனால் திருகோணமலைக் கடற்கரை இதனை முன்னரே சொல்லியிருந்தது. 2006 சனவரி 2ஆம் நாள் மாலை, காந்தி சிலைக்கு அண்மையில் கூடியிருந்த ஐந்து மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2013இல் கைதான விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் 2019 சூலையில் விடுவிக்கப்பட்டனர். கொல்லப்பட்டவர் நோயாளிகள் அல்லர். நள்ளிரவில் நடந்தவரும் அல்லர். கடற்கரையில் இருந்தவர்கள், அவ்வளவே. நோயற்ற இளைஞருக்கே அக்கரை அவ்வாறிருந்ததெனின், நோயின் வேகத்தில் அங்கு நடந்து செல்பவனுக்குரிய வாய்ப்பைக் கணிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

சட்டம் என்ன கூறியது என்பதையும் நோக்கவேண்டும். ஏனெனில் சட்டமும் ஒரு வகைக் கதைகூறலே. 1873ஆம் ஆண்டின் பைத்தியக்காரர் கட்டளைச் சட்டமே, 1956இல் மனநோய்கள் என்னும் சொல்லைப் பெயரில் ஏற்று, இருபத்தோராம் நூற்றாண்டினுள்ளும் வந்தது. அச்சட்டத்தில் மனநோய் என்பது மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்கும் பொருள். தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு சித்த சுவாதீனமற்றவரின் செயலைக் குற்றமல்ல என்கின்றது. நல்ல பிரிவுதான். ஆனால் அது நீதிமன்றத்திற் பேசும் பிரிவு. பம்பலப்பிட்டியில் தடி விழுந்தது நீதிமன்றத்துக்கு முன்னால்.

நோயின் மறுமுனையும் சட்டத்திலிருந்து தப்பவில்லை. சோர்வின் அடியாழத்தில் உயிரை மாய்க்க முயன்று பிழைத்த இளைஞரை, 302ஆம் பிரிவு குற்றவாளியாக்கியது. அப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டது. அதுவரை, நோய் மேலே எழுந்தாலும் கீழே வீழ்ந்தாலும் இரு முனைகளிலும் பொலிஸ் காத்திருந்தது எனலாம். இவற்றுக்கும் மேலாக, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். பதினெட்டு மாதம் வரை (2022இன் திருத்தத்தின் பின் பன்னிரண்டு மாதம் வரை) விசாரணையின்றித் தடுத்துவைக்க அச்சட்டம் இடங்கொடுத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை அது சான்றாக ஏற்றது. ஒப்புதல் சுயமாக அளிக்கப்படவில்லை என நிறுவும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே வைத்தது. இருமுனை மனநோயின் இயல்பை இதனருகே வைத்துப் பாருங்கள். எழுச்சியில் இருப்பவன் தான் பெரும் படையின் தளபதி என்பான், கேட்காமலே சொல்வான். கடுஞ்சோர்வில் இருப்பவனுக்கு, செய்யாத பாவமெல்லாம் தன்னுடையவை என்ற குற்றவுணர்வு நோயின் பகுதியாகவே வரக்கூடும், அவனும் ஒப்புக்கொள்வான். சித்திரவதை இல்லாமலே ஒப்புதல் பெறக்கூடிய ஒரே கைதி அவன். அந்த வாக்குமூலத்தைப் பிரதியாக வைத்து வாசிக்கும் ஆற்றல் இலக்கியத் திறனாய்வாளனுக்கு உண்டு: யார் பேசுகின்றார், எந்த நிலையில், யாரை நோக்கி, எவருடைய சொற்களில் என்னும் வினாக்கள் நம் தொழிலின் அரிச்சுவடி. அவ்வினாக்களை நாவல்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பொலிஸ்காரரைப் பற்றியும் நியாயமாகப் பேசவேண்டும். கொன்ஸ்தாபிள் எங்கிருந்தோ வந்த அரக்கன் அல்லன். வரண்ட வலயத்துக் கமக்காரனின் மகன், வேறு வேலை கிடையாதவன். அல்ஜீரியாவின் பிளிடா வைத்தியசாலையில் மனநோய் மருத்துவராக இருந்த பிரான்ஸ் ஃபனோன், தமது நூலின் இறுதிப் பகுதியில் (1961) ஒரு பொலிஸ் பரிசோதகரை விவரிக்கின்றார். நாள் முழுவதும் கைதிகளை வதைப்பவர். வீட்டிலும் மனைவி மக்களை வதைக்கத் தொடங்கி, மருத்துவரிடம் வருகின்றார். வேலையை விட அவர் விரும்பவில்லை. அமைதியான மனத்தோடு அவ்வேலையைத் தொடர உதவி கேட்கின்றார். அரச இயந்திரம் தன் பற்சக்கரங்களையும் நோய்ப்படுத்தும் என்பதற்கு இதனினும் கூர்மையான சான்று அரிது. நிக்கிட்டாவின் முட்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். அதனாற் கிரோமவின் விலா எலும்பு குறைவாக நொந்தது என்றாகாது.

வேறு வழி உண்டா என்னும் வினாவுக்கு, இன்னொரு துறைமுக நகரத்தைச் சுட்டலாம். இத்தாலியின் திரியெஸ்த்தேயில் பிராங்கோ பசாலியா மனநோய் இல்லத்தின் கதவுகளைத் திறந்தார். கிராம்சியைக் கற்றவர்; மனநோய் இல்லம் ஏழைகளுக்காகவே கட்டப்பட்டது என்பதை முதலிற் கண்டவர்களுள் ஒருவர். இத்தாலியில் 1904ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆபத்தானவர், பொது ஒழுங்குக்கு இழுக்கானவர் என்பதே ஒருவரை அடைப்பதற்கான காரணம். அது பொலிஸ் மொழி. 1978 மே மாதத்து 180ஆம் இலக்கச் சட்டம் அந்த மொழியைக் கைவிட்டது. கட்டாயச் சிகிச்சைக்குச் சிகிச்சைத் தேவையே அடிப்படை என்றாயிற்று. அயலில், இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைப் பொலிஸ் கூண்டில் அடைத்தலாகாது என வெளிப்படையாகவே கூறுகின்றது. எழுதப்பட்ட சட்டம் வீதிக்கு இறங்கி வரப் பலகாலம் எடுக்கும் என்பதை நாம் அறிவோம். எனினும் சொல் மாறுவது சிறிய மாற்றமன்று. தமிழகத்தில் என்கவுண்டர் என்னும் சொல், சந்திப்பு என்னும் பொருளை இழந்து கொலை என்றே பொருள்படும் நிலைக்கு வந்துவிட்டது. காவலரைச் சந்தித்தல் என்பதற்கு வேறு முடிவு இருக்கக்கூடும் என்பதைச் சொல்லும் சொல்லும் கதையும் நம்மிடம் இல்லாமையையே இது காட்டுகின்றது.

துறைமுகப் பகுதி வீடுகளிற் கண்ட ஒரு வழக்கத்தை இங்கு குறிப்பிடவேண்டும். மகன் வெளியே புறப்படும்போது தாய் அவனது சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பாள். அடையாள அட்டை இருக்கின்றதா எனப் பார்ப்பது இந்நாட்டுத் தமிழ்த் தாய்மார் எல்லோருக்கும் பழகிய செயல். நோயுள்ள மகனின் தாய் இன்னொன்றையும் மடித்து வைக்கின்றாள்: கிளினிக் கொப்பி. மறித்தால் இதைக் காட்டு, வாய் திறக்காதே என்பாள். வெண்ணெய்நல்லூர்ப் பித்தனிடம் ஓலை இருந்தது. அதை வாசித்து ஒப்பிட அவையினரும் இருந்தனர். கொப்பியில் நோயின் பெயரையும் மருந்தின் அளவையும் வைத்தியர் ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில் எழுதியுள்ளார். அதைத் தாய்க்கு வாசிக்கத் தெரியாது. சாவடியில் நிற்பவருக்கும் தெரியாது.